பின்னற் புடவையும் பொலியெஸ்ரர் நூலும்: கொழும்புப் புடவைத் தொழில் வரலாற்றில் போதிய கவனம் பெறாத ஓர் இயல்

கொழும்பில் நீதிமன்றங்கள் அமைந்துள்ள பகுதியை ஆங்கில ஆவணங்கள் ஹல்ஸ்டோர்ப் எனக் குறிக்கின்றன. 1656ஆம் ஆண்டில் போர்த்துக்கேயரிடமிருந்து கொழும்பைக் கைப்பற்ற நிகழ்ந்த முற்றுகையில் உயிரிழந்த ஒல்லாந்தத் தளபதி ஹுல்வ்ற் என்பாரின் பெயர் அதில் தங்கியுள்ளது. மக்கள் வழக்கு இதனின் வேறானது. தமிழர் அவ்விடத்தைப் புதுக்கடை என்பர். சிங்களவர் அதே பொருள்பட அளுத்கடே என்பர். ஆட்சியாளர் தளபதியை நினைவில் வைத்தனர். மக்கள் கடையை நினைவில் வைத்தனர். நகரமொன்றின் வரலாற்றை எழுதுவோர் இவ்விரண்டாவது நினைவுக்கு உரிய இடத்தை அளித்தல் வேண்டும்.

புதுக்கடையிலிருந்து இறங்கி நடப்பவர் சிறிது நேரத்திற் புறக்கோட்டையின் புடவைக் கடைத் தெருக்களை அடைவர். அங்கே சுருள் சுருளாக அடுக்கப்பட்டுள்ள துணிகளுட் பெரும்பகுதி இன்று பருத்தியன்று. பொலியெஸ்ரராகவோ பொலியெஸ்ரர் கலந்ததாகவோ உள்ளது. அதிலும் ஒரு கணிசமான பங்கு தறியில் நெய்யப்பட்டதன்று. பின்னல் இயந்திரத்திற் பின்னப்பட்டது. பருத்தியிலிருந்து பொலியெஸ்ரருக்கும், நெசவிலிருந்து பின்னலுக்கும் நிகழ்ந்த இவ்விரு மாற்றங்களையும் தொழினுட்ப மாற்றங்களாக மட்டுமே கருதுவது வழக்கம். நூலின் வகை மாறும்போது தொழிலுக்கு வேண்டிய முதலீடும், அதன் இடமும், உரிமையாளரும், தொழிலாளரும் மாறுகின்றனர் என்பது எமது கருத்து. அக்கருத்தைக் கொழும்பின் அனுபவத்தைக் கொண்டு நிறுவ இக்கட்டுரையில் முற்படுகிறோம்.

நெசவும் பின்னலும்

நெசவில் நெடுக்காகச் செல்லும் பாவு நூலும் குறுக்காகச் செல்லும் ஊடு நூலும் ஒன்றையொன்று மேலும் கீழுமாகக் கடந்து துணியாகின்றன. இரண்டும் ஏறத்தாழ நேர்கோட்டிலேயே கிடக்கின்றன. பின்னலிலோ நூல் கண்ணியாக வளைக்கப்பட்டு, ஒரு கண்ணியினூடாக அடுத்த கண்ணி இழுக்கப்படுகிறது. ஆதலின் பின்னற் புடவை இழுத்தால் விரியும், விட்டாற் சுருங்கும். உடலோடு ஒட்டி அசையும் பெனியன், ரீசேட், விளையாட்டு உடை, உள்ளாடை முதலியன பின்னலால் ஆவதற்குக் காரணம் இதுவே.

பின்னல் இருவகைப்படும். ஒரே நூல் குறுக்காகச் சென்று வரிவரியாகக் கண்ணிகளை ஆக்குவது குறுக்குப் பின்னல்; வட்ட வடிவப் பின்னல் இயந்திரங்களில் உருவாகும் பெனியன் துணி இவ்வகையது. நூற்றுக்கணக்கான நூல்கள் நெடுக்காக இறங்கி, பக்கத்துக் கண்ணிகளோடு பிணைவது நெடுக்குப் பின்னல். நாம் அன்றாடம் பயன்படுத்தும் நுளம்பு வலை இதற்குத் தக்க எடுத்துக்காட்டாகும்.

பின்னல் ஊசியின் கொக்கியில் நூல் கூர்மையாக வளைய நேர்கிறது. முறுக்கு மிகுந்த கடின நூல் அங்கே சிக்கும். தடிப்பு மெலிவு உடைய நூல் அறும் அல்லது துணியிற் கோடாகத் தெரியும். ஆதலாற் பின்னலுக்கு முறுக்குக் குறைந்த, சீரான, மென்மையான நூல் வேண்டப்படுகிறது. இத்தேவையே பிற்காலத்திற் பொலியெஸ்ரர் நூலுக்கு வழி திறந்தது என்பதை மனங்கொள்ளல் வேண்டும்.

பருத்தி ஆலையின் காலம்

கொழும்பின் நவீன புடவைத் தொழில் பருத்தியோடு தொடங்கியது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் வெள்ளவத்தையில் எழுந்த நூற்பு நெசவு ஆலை நீண்டகாலம் இத்தீவின் மிகப் பெரிய புடவை ஆலையாக விளங்கியது. 1930களின் தொடக்கத்தில் அங்கே ஏறத்தாழ 1,400 தொழிலாளர் வேலை செய்தனர். அவர்களுள் மூன்றில் இரு பங்கினர் இந்தியத் தொழிலாளர். ஏனையோர் பெரும்பாலும் சிங்களவர்.

பருத்தி நூற்பு ஒரு நீண்ட சங்கிலித் தொழிலாகும். பஞ்சைப் பிரித்துத் தூய்மை செய்தல், சீவுதல், இழுத்து நீட்டுதல், முறுக்குதல், சுற்றுதல் எனப் படி பலவுள; ஒவ்வொரு படிக்கும் தனித்தனி இயந்திரமும் ஆட்களும் வேண்டும். எனவே பெரிய கட்டடமும் பெருந்தொகைத் தொழிலாளரும் ஒரே இடத்திற் குவிய நேர்ந்தது. அக்குவிப்பே 1933ஆம் ஆண்டு வேலைநிறுத்தத்துக்கும் களமாயிற்று. பொருளாதார மந்தக் காலத்தில் நிகழ்ந்த அப்போராட்டத்தில் வெள்ளவத்தை ஆலைத் தொழிலாளர் சங்கத்தின் தலைவராகக் கொல்வின் ஆர். டி சில்வா விளங்கினார். இரண்டு ஆண்டுகளின் பின், 1935 டிசெம்பரில், லங்கா சமசமாஜக் கட்சி தோன்றியபோது அதன் மூலவர்களுட் பலர் இப்போராட்டத்திற் பயிற்சி பெற்றவராயிருந்தனர். இந்நாட்டு இடதுசாரி இயக்கத்தின் தோற்றத்துக்கும் பருத்தி நூற்பின் தொழில் அமைப்புக்கும் தொடர்புண்டு எனக் கூறுவது மிகையாகாது. அவ்வாலை இன்று இல்லை. அது நின்ற நிலத்தில் ஹவ்லொக் சிற்றி என்னும் அடுக்குமாடித் தொகுதி எழுந்துள்ளது.

பொலியெஸ்ரரின் வருகை

1941ஆம் ஆண்டில் மான்செஸ்ரரிலுள்ள கலிக்கோ அச்சிடுவோர் சங்கத்தின் ஆய்வாளரான வின்ஃபீல்ட், டிக்சன் ஆகிய இருவரும் பொலியெஸ்ரர் இழையைக் கண்டுபிடித்தனர். போருக்குப் பின் பிரித்தானியாவில் ஐ.சி.ஐ. நிறுவனம் அதனை ரெரிலீன் என்ற பெயரிலும், அமெரிக்காவில் டூபொன்ற் நிறுவனம் டேக்ரோன் என்ற பெயரிலும் சந்தைப்படுத்தின. பெற்றோலியத்திலிருந்து பெறப்படும் இரு இரசாயனப் பொருள்கள் இணைந்து பிசினாகின்றன. ஏறத்தாழ 260 பாகை செல்சியசில் உருகும் அப்பிசின் நுண்துளைகளினூடாகத் தள்ளப்பட்டு, காற்றிற் குளிர்ந்து இழையாகிறது. பஞ்சும் இல்லை, சீவலும் இல்லை. பருத்தி ஆலை பல படிகளிற் செய்ததை இரசாயன ஆலை ஒரே ஓட்டத்திற் செய்து முடிக்கிறது. ஆனால் அவ்விரசாயன ஆலைக்கு வேண்டிய மூலதனம் மிகப் பெரியது. சிறிய நாடுகள் இழையைத் தாமே உருவாக்காமல் இறக்குமதி செய்ய நேர்ந்தமைக்கு இது முக்கிய காரணமாகும்.

பொலியெஸ்ரரின் இயல்புகளை அறியாமல் அதன் வெற்றியை விளங்கிக்கொள்ள இயலாது. அது உறுதியானது; கசங்காதது; விரைவில் உலர்வது. சாதாரண ஈரப்பதனுள்ள காற்றிற் பருத்தி தன் நிறையில் ஏறத்தாழ 8 சதவீத ஈரத்தை உறிஞ்சி வைத்திருக்கும், பொலியெஸ்ரரோ 0.4 சதவீதமே. துவைத்த உடை விரைவிற் காய்வது இதனாலேயே. கொழும்பின் புழுக்கத்தில் அது உடலோடு ஒட்டி உறுத்துவதும் இதனாலேயே. சாயம் ஏற்றுவதும் எளிதன்று. நீரிற் கரையாத சிதறற் சாயங்களை அழுத்தக் கலங்களில் ஏறத்தாழ 130 பாகை வெப்பத்தில் ஊட்டவேண்டும். ஆகவே கைத்தறி நெசவாளனின் சாயத் தொட்டி இந்நூலுக்குப் பயன்படாதாயிற்று.

பின்னலுக்குரிய நூல் வகைகள்

பொலியெஸ்ரர் நூல் என்னும் ஒரே பெயரின்கீழ் வேறுபட்ட பல நூல்கள் அடங்குகின்றன. அவற்றின் பருமன் பெரும்பாலும் டெனியர் என்னும் அளவாற் குறிக்கப்படும். 9,000 மீற்றர் நீளமுள்ள நூலின் நிறை எத்தனை கிராமோ அத்தனை டெனியர் என்பது கணக்கு. 75 டெனியர் நூலொன்றில் 36 இழைகள் இருப்பின் ஒவ்வோர் இழையும் ஏறத்தாழ 2 டெனியர். 72 இழைகள் இருப்பின் ஏறத்தாழ 1 டெனியர். இழை மெலியத் துணி மென்மையாகும்.

முதலாவது வகை நறுக்கிழை நூல். நீண்ட இழையைப் பருத்தியின் நீளத்துக்கு ஒப்ப, ஏறத்தாழ 38 மில்லிமீற்றராக நறுக்கி, பஞ்சைப் போலவே நூற்கின்றனர். பருத்தியோடு கலப்பதற்கு ஏற்றது இது. 65 பங்கு பொலியெஸ்ரரும் 35 பங்கு பருத்தியும் கலந்த நூல் பெரிதும் பயின்று வருவது. பெனியன் துணி, கழுத்துப்பட்டை வைத்த ரீசேட் முதலியவற்றில் இது பயன்படுகிறது. இழை முனைகள் வெளியே நீட்டி நிற்பதால் உராய்வில் மேற்பரப்பிற் சிறு உருண்டைகள் திரள்வது இதன் குறை. பருத்தி இழையாயின் அவ்வுருண்டை அறுந்து விழும். பொலியெஸ்ரரின் உறுதியோ அதனை விழவிடாது.

இரண்டாவது, முழுதும் இழுத்து நீட்டப்பட்ட தட்டை இழை நூல். இது வழுவழுப்பும் மினுக்கமும் உடையது, நீட்சி குறைந்தது. நுளம்பு வலை, உட்புறத் துணி முதலிய நெடுக்குப் பின்னல்களுக்கு ஏற்றது.

மூன்றாவது வகை சுருளிழை நூல். பின்னல் வரலாற்றில் இதுவே தலையாயது. ஓரளவே நீட்டப்பட்ட இழையைச் சூடாக்கி, முறுக்கி, அந்நிலையிலேயே குளிர்வித்துப் பின் முறுக்கை அவிழ்க்கின்றனர். வெப்பத்தாற் பதிந்த சுருள் இழையில் நிலைத்துவிடுகிறது. தட்டையாயிருந்த நூல் பருத்து, மென்மை பெற்று, சுருங்கி விரியும் தன்மையை அடைகிறது. பின்னல் ஊசி கேட்ட குணங்கள் யாவும் இதில் அமைந்தன. ஐ.சி.ஐ. நிறுவனம் கிரிம்பிளின் என்ற பெயரில் வெளியிட்ட நூல் இவ்வினத்தைச் சேர்ந்தது. 1960களின் பிற்பகுதியிலும் 1970களின் தொடக்கத்திலும் மேலைநாடுகளில் இரட்டைப் பின்னற் புடவை பெருவழக்குப் பெற்றமைக்கு இந்நூலே அடிப்படை.

நான்காவது, காற்றுப் பீச்சால் இழைகளை வளையங்களாகக் கலைத்து ஆக்கும் நூல். நீட்சி மிகாது, பருத்தியை ஒத்த தோற்றம் தருவது. இவற்றோடு, ஒரு டெனியரிலும் மெலிந்த நுண்ணிழை நூல், வியர்வையை வெளியே கடத்துமாறு இழையின் பக்கங்களில் வாய்க்கால்கள் அமைந்த நூல், சாதாரண பொலியெஸ்ரரோடு சேர்த்துப் பின்னினால் ஒரே துணியில் இரு நிறங்காட்டும் வகையில் வேறு சாயம் ஏற்கும் நூல் ஆகியன பின்னர் வந்து சேர்ந்தன. விளையாட்டு உடைகளிலும் உள்ளாடைகளிலும் இந்நூல்களோடு இறப்பர் போன்று நீளும் ஸ்பான்டெக்ஸ் இழையும் சேர்த்துப் பின்னப்படுகிறது.

மூடிய பொருளாதாரமும் செயற்கை இழையும்

இவ்வகைப்பாட்டை இலங்கையின் பொருளாதார வரலாற்றோடு பொருத்தி நோக்குவோம். அந்நியச் செலாவணி நெருக்கடி காரணமாக 1960களின் தொடக்கம் முதல் இறக்குமதிகள் கட்டுப்படுத்தப்பட்டன. அரசு பெரும் பருத்தி ஆலைகளை எழுப்பியது. புகொட ஆலை சீன உதவியோடும், துல்கிரிய ஆலை கிழக்கு ஜேர்மனிய உதவியோடும் உருவாயின. தனியார் துறையினருக்கோ இத்தகைய நூற்பாலைகளை நிறுவுதல் எளிதாயிருக்கவில்லை. செயற்கை இழையின் சிறப்பு இங்கேதான் வெளிப்படுகிறது. இழை கூம்புச் சுற்றுகளாக நேரே வந்து சேர்கிறது. நூற்புச் சங்கிலி முழுவதும் தேவையற்றுப் போகிறது. விசைத்தறியோ பின்னல் இயந்திரமோ வைக்கத்தக்க கூடமும், மின்சாரமும், நூலை இறக்கும் அனுமதிப் பத்திரமும் இருந்தால் தொழில் தொடங்கலாம். நூற்பாலையிற் குவிந்திருந்த முதலீட்டைச் செயற்கை இழை பலரிடையே சிதறச் செய்தது எனலாம்.

இவ்வாய்ப்பை இரு பிரிவினர் பயன்படுத்தினர். ஒரு பிரிவினர், அனுமதிப் பத்திரங்களையும் அரச ஆதரவையும் நம்பிச் சிறு விசைத்தறிக் கூடங்களை நடத்தியோர். அவர்களுட் சிங்களச் சிறு முதலாளிகள் கணிசமானோர். மற்றைப் பிரிவினர், வணிகத்தில் ஈட்டிய மூலதனத்தைப் பெருந்தொழிலில் இட்டோர். அவர்களுள் இரும்புப் பொருள் வணிகத்திலிருந்து வளர்ந்த ஏ. வை. எஸ். ஞானம், திரைப்படத் தொழிலாற் புகழ் பெற்ற கே. குணரத்தினம் ஆகிய இரு தமிழரின் பெயர்கள் முதன்மையானவை. ஞானத்தின் ஆலைகளுள் ஒன்று ஏசியன் கொட்டன் மில்ஸ், மற்றொன்று சின்ரெக்ஸ். ஒன்றின் பெயர் பருத்தியைச் சுட்ட, மற்றதன் பெயர் செயற்கைப் புடவையைச் சுட்டுகிறது. காலமாற்றம் ஆலைப் பெயர்களிலேயே பதிந்துள்ளமை நோக்கத்தக்கது.

1977ஆம் ஆண்டில் ஆட்சி மாறியது, இறக்குமதிகள் தளர்த்தப்பட்டன. வெளிநாட்டுச் செயற்கைப் புடவை மலிவாக வந்து குவிந்தது. கைத்தறியாளரும் சிறு விசைத்தறியாளரும் நிலைகுலைந்தனர். பெரிய மூலதனமும் வணிகத் தொடர்பும் உடையோர் தாக்குப்பிடித்தனர். திறந்த பொருளாதாரம் இனங்களிடையே சமனற்ற விளைவுகளை ஏற்படுத்தியமையையும், வீழ்ந்த சிங்களச் சிறு முதலாளிகளின் மனக்கசப்பு இனப்பகையாகத் திரும்பியமையையும் சமூகவியலாளர் நியூட்டன் குணசிங்க 1984ஆம் ஆண்டிலே எடுத்துக்காட்டினார். அவரது விளக்கத்தை நாம் பெரிதும் ஏற்கிறோம். எனினும் ஒன்றை வலியுறுத்துதல் வேண்டும். மனக்கசப்பு தானாகத் தீயாக மாறுவதில்லை. அதனை ஏவியவரும், தடுக்க வேண்டியிருந்தும் தடுக்காதவரும் உளர். பொருளாதாரக் காரணத்தைக் கூறுவது அவர்தம் பொறுப்பைக் குறைப்பதாகாது.

1983 யூலை

1983 யூலை 24ஆந் திகதி இரவு பொரளையில் தொடங்கிய வன்செயல் மறுநாள் நகரெங்கும் பரவியது. புறக்கோட்டையின் தமிழர் கடைகள் எரிந்தன. வெள்ளவத்தையில் வீடுகள் எரிந்தன. இரத்மலானைக் கைத்தொழிற் பகுதியில் ஆலைகள் எரிந்தன. ஞானத்தின் சின்ரெக்சும் ஏசியன் கொட்டன் மில்சும் சாம்பராயின. குணரத்தினத்தின் தொழிற்சாலைகளும், ஆடைத் தொழிற்சாலைகள் பலவும் அழிந்தன. மனித உயிர்களின் இழப்போடு ஒப்பிடுகையில் இயந்திரங்களின் இழப்பைப் பேசுவது சிறுமையாகத் தோன்றலாம். ஆயினும் வரலாற்று மாணவர் அதனையும் பதிதல் வேண்டும். ஏனெனில் அவ்வாலைகளில் வேலை செய்த சிங்களத் தொழிலாளரும் ஆயிரக்கணக்கில் ஒரே வாரத்தில் வேலையிழந்தனர். எரித்தோர் எரிந்தவரின் சொத்தை மட்டுமன்றித் தம் அயலவரின் கூலியையும் எரித்தனர்.

பாதிக்கப்பட்ட சொத்துகளைப் பொறுப்பேற்க அதே ஆண்டிற் சொத்து, கைத்தொழிற் புனரமைப்பு அதிகாரசபை அமைக்கப்பட்டது. சொத்தை இழந்தவர், அதனை மீளப்பெற அரச அலுவலகத்தின் படியேற நேர்ந்தது. 2001இல், முன்னாட் பிரதம நீதியரசர் எஸ். சர்வானந்தாவின் தலைமையில், 1981 முதல் 1984 வரையான இன வன்செயல்களை ஆராயச் சனாதிபதி உண்மை ஆணைக்குழு நியமிக்கப்பட்டது. புதுக்கடையில் உயர்நீதிமன்றத்துக்குத் தலைமை தாங்கிய ஒருவரே பதினெட்டு ஆண்டுகளின் பின் இச்சாட்சியங்களைக் கேட்க நேர்ந்தது.

ஏற்றுமதிக் காலம்

அழிந்த ஆலைகள் உள்நாட்டுச் சந்தைக்கான செயற்கைப் புடவையை இலக்காகக் கொண்ட ஒரு கட்டத்துக்கு உரியவை. அதன் பின் எழுந்தது வேறொரு தொழில். 1978இற் கட்டுநாயக்கவிலே சுதந்திர வர்த்தக வலயம் திறக்கப்பட்டது. செல்வந்த நாடுகள் 1974 முதல் நடைமுறைப்படுத்திய பல்லிழை ஒப்பந்தம் ஒவ்வொரு நாட்டுக்கும் இறக்குமதிப் பங்கு வகுத்தது. பங்கு நிரம்பிய கிழக்காசிய நாட்டு முதலாளிகள் பங்கு நிரம்பாத நாடுகளை நாடினர். இலங்கை அவற்றுள் ஒன்று. துணி வெளியிலிருந்து வந்தது. தையல் மட்டும் இங்கே நிகழ்ந்தது. 1992இல் அறிவிக்கப்பட்ட 200 ஆடைத் தொழிற்சாலைத் திட்டம் அத்தையலைக் கிராமங்களுக்கும் கொண்டுசென்றது. வெள்ளவத்தை ஆலைத் தொழிலாளியின் இடத்தைக் கிராமத்து இளம்பெண் பெற்றாள்.

திருப்பூரோடு ஒப்பிட்டால் இந்நிலை தெளிவாகும். திருப்பூரின் பின்னல் தொழில் 1920களில் தொடங்கியது. சுற்றிலும் பருத்தி நிலமும் கோயம்புத்தூரின் நூற்பாலைகளும் இருந்தன. நூல் அயலிலிருந்தே வந்தமையால் பின்னல், சாயம், தையல் ஆகியன ஒன்றன்பின் ஒன்றாக அங்கேயே வேரூன்றின. கொழும்பிலோ தொழில் கடைசிப் படியிலிருந்து தொடங்கிப் பின்னோக்கி வளரவேண்டியிருந்தது.

அவ்வளர்ச்சி பின்னலிலேயே பெரிதும் நிகழ்ந்தது. 1990களில் பியகமவிலே ஓஷன் லங்கா ஆலையும், 2000த்தை அண்டி அவிசாவளையில் ரெக்ஸ்ச்சர்ட் ஜேர்சி லங்கா ஆலையும் எழுந்தன. பின்னதன் அன்றைய பெயரிற் சுருளிழையைக் குறிக்கும் சொல்லே அமைந்திருந்தது. 2011 முதல் ஐரோப்பிய ஒன்றியம் நடைமுறைப்படுத்திய மூலவிதிகளும் இதற்குத் துணை நின்றன. மிக வறிய நாடுகள் இறக்கிய துணியைத் தைத்தாலே சலுகை பெறலாம். இலங்கை போன்ற நாடோ துணியாக்கல், தையல் ஆகிய இரு படிகளையும் செய்தல் வேண்டும்; நூலை மட்டும் வெளியிலிருந்து பெறலாம். சீனத்துத் துணியைத் தைத்த உடைக்குச் சலுகையில்லை. சீனத்து நூலை இங்கே பின்னித் தைத்த உடைக்குச் சலுகையுண்டு. நெசவாலையினும் பின்னலாலை எளிதில் நிறுவத்தக்கதாகையால் முதலீடு அப்பக்கம் சாய்ந்தது. 2010 ஓகத்தில் நிறுத்தப்பட்ட மேலதிகச் சலுகை 2017 மேயில் மீண்டது. இன்று நாட்டின் பண்ட ஏற்றுமதி வருமானத்தில் ஏறத்தாழ ஐந்தில் இரு பங்கு ஆடையிலிருந்து வருகிறது.

நூலையே இங்கு ஆக்கும் முயற்சியும் தோன்றியுள்ளது. ஹொரணையில் இயங்கும் எக்கோ ஸ்பின்டில்ஸ் நிறுவனம் எறியப்பட்ட பிளாஸ்ரிக் போத்தல்களை உருக்கிப் பொலியெஸ்ரர் நூலாக்குகிறது. போத்தலும் நூலும் ஒரே பிசினால் ஆனவையாதலின் இது இயல்கிறது. இரசாயனப் பேராலையைக் கட்ட இயலாத நாடு, குப்பையிலிருந்து நூலைத் தொடங்குகிறது.

முடிவுரை

மேற்கூறியவற்றால் மூன்று கட்டங்கள் புலனாகின்றன. பருத்தி நூற்பு தொழிலாளரைக் குவித்தது; தொழிற்சங்கம் பிறந்தது. செயற்கை இழை முதலீட்டைச் சிதறச் செய்தது. உள்நாட்டு முதலாளிகள் தோன்றினர். அவர்களுட் சிலரின் ஆலைகள் 1983இல் எரிக்கப்பட்டன. உலகச் சந்தையின் விதிகள் பின்னலை ஊக்கின. ஏற்றுமதித் தொழில் வளர்ந்தது. முதலாவது கட்டத்தைத் தொழிலாளர் இயக்க வரலாறு பேணுகிறது. மூன்றாவதை ஏற்றுமதிப் புள்ளிவிவரங்கள் பேணுகின்றன. இடைப்பட்ட கட்டமோ கலவர வரலாற்றில் எரிந்த சொத்துகளின் பட்டியலாக மட்டும் எஞ்சியுள்ளது. அங்கே என்ன நூல் ஓடியது, எந்த இயந்திரம் சுழன்றது, யார் அதனை இயக்கினர் என்பனவும் வரலாறே.

இதனை எழுதுவதற்கு வரலாற்று மாணவர் நூலின் வகைகளை அறிதல் வேண்டும்; மொறட்டுவையிற் புடவைத் தொழினுட்பம் பயில்வோர் அந்நூலின் வரலாற்றை அறிதல் வேண்டும். அக்கூடங்களில் இயந்திரம் ஓட்டியோரும் கணக்கெழுதியோரும் முதுமையடைந்துவிட்டனர். அவர்தம் வாய்மொழிகளைப் பதிவுசெய்யும் பணி ஒத்திவைக்கத்தக்கதன்று. ஓர் ஆலை எரிந்தது எனக் கூறுவது இரங்கலாகும். எரிந்தது எத்தகைய ஆலை எனக் கூறும்போதே அது வரலாறாகும்.